படத்தில் பளிங்குத் தரை, வீட்டில் பலகைத் தரை

வேலைக்காலம் முழுக்க வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். ஒரு சங்கிலியைக் கையில் வாங்கினால் என் கண் முதலில் கொக்கிக்குப் போகும், பிறகு கண்ணிகளைப் பற்றவைத்த இடத்துக்கு. அழகைப் பார்ப்பதெல்லாம் கடைசியில்தான். ஓய்வுபெற்ற பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் மகள் என்னை ரைக்ஸ்மியூசியத்துக்கு அழைத்துப் போனாள். ஓர் ஓவியத்தின் முன்னால் நான் குனிந்து நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, படத்தப் பாருங்க. அடகுக்கு வந்த மாதிரி பாக்காதீங்க" என்றாள். எனக்கு வேறு மாதிரிப் பார்க்கத் தெரியாது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களைப் பொறுத்தவரை அப்படிப் பார்ப்பதும் ஒரு நல்ல வழிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று நான் நின்றது டிர்க் ஹால்ஸ் 1627இல் வரைந்த தோட்ட விருந்தின் முன்னால். புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸின் தம்பி இவர். பெரிய மாளிகையின் முகப்பு, அதன் முன் திறந்தவெளி, பட்டும் லேஸ் காலருமாக இளைஞர்களும் இளம்பெண்களும். குடிப்பவர் குடிக்கிறார், ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொல்கிறார். கூட்டத்துக்கு முன்னால் தரையில் சங்கிலியில் கட்டிய ஒரு குரங்கு. ஆசைக்கு அடிமையான மனிதனுக்கு அந்தக் குரங்கு குறியீடு என்பது கலை வரலாற்றாளர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு உறுத்தியது மாளிகைதான். டிர்க் வாழ்ந்த ஹார்லெம் துணி நெய்பவர்களும் பீர் காய்ச்சுபவர்களும் நிறைந்த செங்கல் நகரம். அந்த முகப்பு எந்தத் தெருவிலும் நின்ற கட்டடம் இல்லை. ஓவியர் மனத்தில் கட்டியது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணின் கழுத்தில் கிடப்பதில் எது அத்தையின் சங்கிலி, எது பக்கத்து வீட்டு ஆரம் என்று வந்திருக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆல்பத்தில் எல்லாமே மணப்பெண்ணின் நகைதான். டச்சு விருந்துப் படங்களையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். அவற்றில் தெரியும் செல்வத்தில் பாதிக்கு மேல் இரவல். வாங்கியவருக்கும் அது தெரியும், வரைந்தவருக்கும் தெரியும்.

அதற்காக அந்த நாட்டில் பணம் இல்லை என்று அர்த்தமில்லை. கொட்டிக் கிடந்தது. 1585இல் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பெயினிடம் வீழ்ந்ததும் அங்கிருந்த வணிகர், நெசவாளர், வைரம் பட்டை தீட்டுபவர், ஓவியர் எனப் பலரும் வடக்கே ஓடிவந்தார்கள். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1609இல் ஆம்ஸ்டர்டாம் மாற்று வங்கி திறந்தது. 1580களில் சுமார் 30,000 பேர் இருந்த ஆம்ஸ்டர்டாமில் 1622 கணக்கெடுப்பின்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இத்தனைக்கும் ஸ்பெயினோடு போர் முடிந்திருக்கவில்லை. 1648இல்தான் முழுச் சமாதானம் வந்தது.

இவ்வளவு பணம் புழங்கிய ஊரில் ஓவியரின் வழக்கமான புரவலர்கள் காணாமல் போயிருந்தார்கள். கால்வினியத் திருச்சபை ஆலயச் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டது. பலிபீட ஓவியம் கேட்க ஆள் இல்லை. பெரிய அரசவையும் இல்லை. ஆகவே ஓவியர் கடைக்காரரிடமும் பீர் காய்ச்சுபவரிடமும் வழக்கறிஞரிடமும் விற்க வேண்டியிருந்தது. சந்தையில் விற்றார்கள், ஏலத்தில் விற்றார்கள், குலுக்கல் சீட்டுக்கும் வைத்தார்கள். 1641இல் ராட்டர்டாம் சந்தைக்குப் போன ஆங்கிலேயர் ஜான் ஈவ்லின், சாதாரண விவசாயிகளும் ஓவியம் வாங்கிக் குவிப்பதாக நாட்குறிப்பில் வியந்திருக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார். ஆனால் டெல்ஃப்ட் நகரத்துச் சொத்துப் பட்டியல்களை ஆராய்ந்த பொருளாதாரப் பேராசிரியர் ஜான் மைக்கேல் மான்டியாஸ், சாதாரணக் குடும்பங்களிலும் சுவரில் ஓவியம் தொங்கியதைக் காட்டினார். கைத்தொழிலாளி ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 300 கில்டர் சம்பாதித்த காலம் அது. சிறு ஓவியம் சில கில்டருக்கே கிடைத்தது. லைடன் நகரத்து கெரிட் டோவ் போன்றவர்களின் ஒரே படம் 1,000 கில்டர் வரை போனது.

வாங்குபவர் ஊர்க்காரர் என்றால் படத்திலும் ஊர்தான் இருக்கும். தேவதைகளும் மன்னர்களும் பின்னால் போய், மேசை, நாற்காலி, மது, சீட்டாட்டம், வீணை மாதிரியான லூட், புகைக்குழாய் எல்லாம் முன்னால் வந்தன. 1610 முதல் 1630 வரை ஹார்லெமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் 'களிப்புக் கூட்டம்' என்ற வகைப் படங்கள் ஏராளமாக வரையப்பட்டன. வில்லெம் பைட்டெவெக் அதில் முன்னோடி. 1624இல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டார்; விட்டுச்சென்ற எண்ணெய் ஓவியங்கள் மிகக் குறைவு. அவர் வரைந்த இளைஞர்கள் தலையிலிருந்து கால்வரை ரிப்பனும் லேஸுமாக, யாராவது தங்களைப் பார்க்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் மாதிரி நிற்பார்கள். அதே காலத்தில் தங்கள் உருவப்படத்துக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்த பெரிய மனிதர்கள் பெரும்பாலும் கறுப்பு உடையில் இருந்தார்கள். கறுப்பைச் சிக்கனம் என்று எண்ணிவிடாதீர்கள். மங்காத ஆழ்ந்த கறுப்புச் சாயம் விலை கூடியது; கழுத்தைச் சுற்றிய மடிப்பு மடிப்பான வெள்ளைக் காலரைக் கஞ்சி போட்டுத் தேய்த்து நிறுத்துவதற்கே தனி ஆள் வேண்டும். தகப்பனார் கறுப்பில் அடக்கமாகத் தம் செல்வத்தைக் காட்டினார். விருந்துப் படத்து மகன் அதை ஆரஞ்சிலும் நீலத்திலும் காட்டினான்.

இந்த வகையில் ஒரு படத்தின் கதையை மட்டும் சொல்லாமல் போக முடியாது. இருவர் குடித்து மகிழும் ஒரு காட்சி, ஃப்ரான்ஸ் ஹால்ஸின் அருமையான படைப்பு என்று 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் கைமாறியது. கையொப்பத்தை உற்றுப் பார்த்தபோது J, L என்ற எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருந்தன. ஹால்ஸின் முத்திரை அப்படி இருக்காது. வழக்கு நடந்தது, விலையைக் குறைத்து முடித்துக்கொண்டார்கள். அந்த முத்திரை ஜூடித் லெய்ஸ்டருடையது என்று 1893இல் ஹாஃப்ஸ்டெட டெ க்ரூட் என்ற ஆய்வாளர் நிறுவினார். 1633இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரான பெண் அவர். அதுவரை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் படங்கள் மற்றவர் பெயரில் தொங்கின. படத்தில் ஒரு கோடு மாறவில்லை, விலை மட்டும் இறங்கியது. என் தொழிலில் முத்திரைக்குத் தனி மரியாதை உண்டு. ஆனாலும் இந்தக் கதை எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. அந்தப் படம் இப்போது லூவ்ரில் இருக்கிறது.

விருந்து படத்தில் மட்டும் நடக்கவில்லை. ஆம்ஸ்டர்டாம் கல்யாண விருந்துகள் கட்டுமீறிப் போய், 1655இல் நகராட்சியே சட்டம் போட்டது: விருந்தினர் 50 பேருக்கு மேல் கூடாது, கொண்டாட்டம் இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது. சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் நிக்கோலாஸ் டுல்ப். ரெம்ப்ராண்ட் 1632இல் வரைந்த உடற்கூறுப் பாடம் ஓவியத்தில், பிணத்தின் கைத்தசையை இடுக்கியால் தூக்கிக் காட்டுகிறாரே, அதே மருத்துவர். பிற்காலத்தில் நகரத் தலைவராகவும் ஆனார். கொள்ளைநோய் வந்துபோன சமயம்; ஊர் இப்படி ஆடினால் கடவுள் சும்மா இருப்பாரா என்ற பயமும் சட்டத்துக்குள் இருந்தது.

அந்தப் பயத்தையும் ஆட்டத்தையும் ஒரே படத்துக்குள் அடைத்தவர் யான் ஸ்டீன். எனக்கு மிகப் பிடித்த டச்சு ஓவியர் இவர்தான். 1626இல் லைடனில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்தார். டெல்ஃப்டில் பீர் ஆலை நடத்திப் பார்த்தார். கடைசிக் காலத்தில் லைடனில் மதுக்கடையே வைத்தார். குடித்தவர்களின் முகம் அவருக்கு மனப்பாடம். 1663இல் அவர் வரைந்த 'செல்வத்தில் எச்சரிக்கை' வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கணினித் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரி மேசையருகே தூங்கிவிட்டாள். மயிர் வைத்த நல்ல மேலங்கி, விலையுள்ள உடை. அவள் கண்மூடிய நேரத்தில் வீடு கைமாறிக்கொண்டிருக்கிறது. நாய் மேசைமேல் ஏறிக் கறிப் பணியாரத்தைத் தின்கிறது. ஒரு சிறுவன் புகைக்குழாயைப் பற்றவைத்துப் பார்க்கிறான். ஒரு சிறுமி அலமாரியில் கைவிட்டு எதையோ எடுக்கிறாள். உயர நாற்காலியில் இருக்கும் குழந்தை கையில் விளையாட்டுப் பொருளாக இருப்பது முத்துமாலை. பீப்பாயின் அடைப்பு எடுபட்டு மது தரையில் ஓடுகிறது. பன்றி ஒன்று உள்ளே வந்து ரோஜாப் பூவை முகர்கிறது. சுவர்க் கடிகாரத்தோடு குரங்கு விளையாடுகிறது. நடுவில் ஓர் இளைஞன் பக்கத்துப் பெண்ணின் மடிமேல் காலைத் தூக்கிப் போட்டிருக்கிறான். அவள் மதுக்கிண்ணத்தோடு நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். புத்தி சொல்ல வந்த கிழவர் புத்தகத்தை விரித்து வாசிக்கிறார். அவர் தோளில் ஒரு வாத்து. ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் சிரிப்புத்தான். கூரையைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். அங்கே தொங்கும் கூடையில் ஊன்றுகோல், தொழுநோயாளிகள் தட்டிக்கொண்டு வரும் பலகை, தண்டிக்கும் பிரம்பு, வாள் எல்லாம் அடுக்கிவைத்திருக்கிறது. கயிறு அறுந்தால் எல்லாம் இவர்கள் தலைமேல் விழும். கீழே வலது மூலையில் ஒரு சிலேட்டில் பழமொழியின் பாதியை மட்டும் ஸ்டீன் எழுதியிருக்கிறார். மீதி அந்தக் காலத்து டச்சுக்காரருக்கு வாயிலேயே இருந்தது.

தாறுமாறான வீட்டை இன்றும் டச்சுக்காரர்கள் யான் ஸ்டீன் வீடு என்றுதான் திட்டுகிறார்கள். ஆனால் தாறுமாறை வரைவதற்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும்! முந்நூறு நானூறு படங்களாவது வரைந்திருக்கிறார். குடித்துக் கிடந்தவன் செய்கிற வேலையா இது? தம் படங்களில் தம் முகத்தையே குடிகாரன் முகமாகவும் கோமாளி முகமாகவும் வைத்துக்கொண்டதால் வந்த கெட்ட பெயர். 1669இல் மனைவி இறந்த பிறகு, மருந்துக்கடைக்காரர் ஒருவர் பாக்கிக்காக ஸ்டீனின் படங்களை ஜப்தி செய்து விற்றார். பாக்கி சுமார் பத்து கில்டர். ஊருக்குச் செல்வத்தில் எச்சரிக்கை சொன்ன மனிதரிடம் எச்சரிக்கையாக இருக்கச் செல்வமே இருக்கவில்லை.

ஸ்டீன் வீட்டிலிருந்து இன்னொரு ஓவியரான கெரார்ட் டெர் போர்க்கின் வீட்டுக்குள் நுழைந்தால் சத்தம் நின்றுவிடும். இரண்டு மூன்று பேர், ஒரு மேசை, பின்னால் இருட்டு. வெளிச்சம் முழுதும் சாட்டின் பாவாடைமேல். அந்தத் துணியை அவர் மாதிரி வரைந்தவர் எவரும் இல்லை. மடிப்பின் முகட்டில் வெளிச்சம் கத்திமுனை மாதிரி நிற்கும், அடுத்த விரற்கடையில் சாம்பலாகிவிடும். பருத்தியில் வெளிச்சம் பரவும், சாட்டினில் வெட்டும்; அந்த வித்தியாசத்தைப் பிடித்திருக்கிறார். 1654 வாக்கில் வரைந்த ஒரு படம் ஆம்ஸ்டர்டாமிலும் பெர்லினிலும் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. வெள்ளிச் சாட்டின் உடுத்த பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எதிரே உட்கார்ந்த படைவீரன் கையைத் தூக்கி ஏதோ சொல்கிறான். பக்கத்தில் வயதான பெண் மதுவைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஜெர்மானியக் கவிஞர் கெதே 1809இல் வெளிவந்த தம் நாவலில், தந்தை மகளுக்குப் புத்தி சொல்லும் காட்சியாக இதை விவரித்தார். நீண்ட காலம் அதுவே படத்தின் பெயராக நின்றது. பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். தந்தைக்கு வயது போதவில்லை, பின்னால் கட்டில் இருக்கிறது, விரல்களுக்கிடையே முதலில் ஒரு நாணயம் இருந்து பிறகு அழிக்கப்பட்டிருக்கலாம். கௌரவமான பெண்பார்க்கும் காட்சியா, விலை பேசும் காட்சியா?

முதுகைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. டெர் போர்க்கின் கெட்டிக்காரத்தனமே அதுதான். அந்தப் பெண்ணுக்கு மாதிரியாக நின்றது அவருடைய தங்கை கெசீனாவாக இருக்கலாம் என்கிறார்கள். தந்தையின் பிற்கால மனைவிக்குப் பிறந்தவர், தாமும் ஓவியர். இதே உருவத்தை, இதே உடையை டெர் போர்க் வேறு படத்திலும் தூக்கி வைத்தார். மற்றவர்கள் நகல் எடுத்துத் தள்ளினார்கள். ஒரு பாவாடை எத்தனையோ வீட்டுச் சுவரில் எத்தனையோ பெண்களுடைய செல்வமாக நின்றது.

உடைக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். டச்சு உள்ளறைப் படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரை, பித்தளைத் தொங்குவிளக்கு, மேசைமேல் விரித்த துருக்கிக் கம்பளம். வில்லெமைன் ஃபொக் என்ற லைடன் பேராசிரியர் அந்தக் காலத்துச் சொத்துப் பட்டியல்களையும் கட்டட ஆவணங்களையும் ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நிஜ வீடுகளில் வாழும் அறைகளுக்குப் பெரும்பாலும் பலகைத் தரைதான். அந்த நாட்டுக் குளிரில் பளிங்கின் மேல் யார் உட்காருவார்? பெரிய பணக்காரர் வீட்டில் முன்கூடத்தில் பளிங்கு இருக்கலாம், அவ்வளவுதான். பித்தளைத் தொங்குவிளக்கு தேவாலயத்தில் இருந்த அளவு வீட்டில் இல்லை. கம்பளமும் படங்களில் வரும் அளவுக்குப் பட்டியல்களில் வரவில்லை. மதிப்பீட்டாளர்கள் எழுதிய பட்டியல் ஓவியர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

கேப்ரியேல் மெட்சு 1661இல் வரைந்த 'பிள்ளை பார்க்க வந்தவர்கள்' நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சைக் குழந்தையோடு தாய், பார்க்க வரும் சீமாட்டி, தொப்பியைக் கழற்றி வணங்கும் கணவர், நாற்காலி கொண்டுவரும் வேலைக்காரி. வீடு பிரமாதம். ஆனால் அந்த அறைக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது ஆம்ஸ்டர்டாம் புது நகர மன்றத்தின் ஆலோசனைக் கூடம். இதைத் தம்மிடம் வைத்திருந்தவர் துணி வணிகர் யான் ஹின்லோபென். ஊர்ப் பெரிய பதவிகளில் இருந்தவர். கவிஞர் யான் வோஸ் 1662இல் இந்தப் படத்தைப் பற்றிக் கவிதையே எழுதிவிட்டார். பீட்டர் டெ ஹூக் இன்னும் ஒரு படி மேல். கொத்தனார் மகன். டெல்ஃப்டில் இருந்தவரை செங்கல் முற்றம், வாளி, துடைப்பம் என்று வரைந்தார். 1660 வாக்கில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த பிறகு அவர் அறைகள் அகலமாகிக்கொண்டே போயின; பொன் பதித்த தோல் சுவர், பளிங்குக் கணப்பு, இசை விருந்து. அந்தக் காலத்தில் அவரோ நகரத்தின் ஓரத்தில் எளிய பகுதியில் குடியிருந்தார்.

பொருள்கள் எல்லாம் பொய் என்றும் சொல்லமாட்டேன். கடல் வழியாக வந்தவை நிஜம். 1603இல் பிடித்த போர்த்துக்கீசியக் கப்பல் 'சாந்தா கத்தரினா'வின் சீனப் பீங்கான்களை ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டதிலிருந்து அந்த ஊருக்குப் பீங்கான் மோகம் பிடித்தது. மிளகு, சர்க்கரை, புகையிலை, கிளி, எல்லாம் மேசையைச் சுற்றிச் சேர்ந்தன. இதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. டச்சுக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது; சோழமண்டலத் துணியை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய், அதைக் கொடுத்துத்தான் மசாலா வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் வாங்கிப் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றினார்கள். 1658இல் நாகப்பட்டினமும் என் சொந்த ஊரான தூத்துக்குடியும் அவர்கள் கைக்குப் போயின; மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் மேலாதிக்கமும் போனது. மூச்சடக்கி மூழ்கியவர்கள் பரதவர்கள். கணக்கு எழுதியவர்கள் கம்பெனிக்காரர்கள். ஸ்டீன் படத்துக் குழந்தை கையில் இருக்கும் முத்து எந்தக் கடலில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் படங்களில் கடலுக்கு அப்பால் வேலை செய்தவர்களின் முகம் பெரும்பாலும் கிடையாது. எப்போதாவது ஒரு கறுப்பினச் சிறுவன் தட்டு ஏந்தி ஓரமாக நிற்பான். அவனையும் பீங்கானைப் போலவே வீட்டுக்காரரின் செல்வமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

முத்தைப் பற்றிப் பேசும்போது டெல்ஃப்ட் ஓவியர் வெர்மீரை விட முடியாது. 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்தின் முத்தைத் தூத்துக்குடிக்காரன் பார்த்தால் முதல் கேள்வி அளவைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய இயற்கை முத்து அரசர்களுக்கே அபூர்வம். கண்ணாடியில் செய்ததாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். அவருடைய ஐந்தாறு படங்களில் ஒரே மஞ்சள் சாட்டின் மேலங்கி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருத்தி கடிதம் எழுதுகிறாள், ஒருத்தி கிட்டார் வாசிக்கிறாள், ஒருத்தி கண்ணாடி முன் மாலை கட்டிக்கொள்கிறாள். மேலங்கி மட்டும் அதேதான். வெர்மீர் இறந்த பிறகு 1676இல் எடுத்த வீட்டுச் சாமான் பட்டியலில் வெள்ளை மயிர் ஓரம் வைத்த மஞ்சள் சாட்டின் மேலங்கி ஒன்று பதிவாகியிருக்கிறது. மனைவி கத்தரினாவின் ஒற்றை உடை இத்தனை சீமாட்டிகளை உருவாக்கியது.

1663இல் டெல்ஃப்ட் வந்த பிரெஞ்சுப் பயணி பல்தசார் டெ மொன்கோனி வெர்மீரிடம் படம் கேட்டார்; கைவசம் எதுவும் இல்லை. ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் ஒன்று இருந்தது. ஒரே ஓர் உருவம். 600 லிவர் கொடுத்ததாகக் கடைக்காரர் சொன்னார். இதற்கு ஆறு பிஸ்டோல் பொற்காசு கொடுத்தாலே அதிகம் என்று மொன்கோனி எழுதிவைத்தார். மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு தவறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என் கைவசம் இல்லை.

1672இல் பிரான்ஸ் படையெடுத்தது. ஓவியச் சந்தை சரிந்தது. 1675 டிசம்பரில், 43 வயதில், பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டு வெர்மீர் இறந்தார். போர் தொடங்கியதிலிருந்து எதுவுமே விற்கவில்லை என்று கத்தரினா அதிகாரிகளிடம் முறையிட்டார். ஹென்ட்ரிக் வான் பைட்டென் என்ற ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் பாக்கி 617 கில்டர். இரண்டு மூன்று வருட ரொட்டிக் கணக்கு அது. அதற்கு ஈடாக இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். ஆண்டுக்கு 50 கில்டர் வீதம் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். அடகுச் சீட்டைத்தான் எழுதியிருக்கிறார்கள்! அந்த ஒப்பந்தத்தைப் படித்தபோது, வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற எத்தனையோ விதவைகளை நினைத்துக்கொண்டேன். ரொட்டிக்கடைக்காரர் மோசமான ஆள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நாள் கடனில் ரொட்டி கொடுத்தவர்.

என் தொழில்காரி ஒருத்தியையும் வெர்மீர் வரைந்திருக்கிறார். ஜன்னலோரம் நின்று சிறு தராசைப் பிடித்திருக்கும் பெண். மேசைமேல் முத்துமாலை, பொற்சங்கிலி, நாணயம். பின்சுவரில் இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம். 1696இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் பொன் நிறுக்கும் பெண் என்று சொல்லி 155 கில்டருக்கு விற்றார்கள். இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. நுண்ணோக்கியில் சோதித்தபோது தெரிந்தது: தட்டுகளில் பொன்னும் இல்லை, முத்தும் இல்லை, இரண்டும் காலி. நிறுப்பதற்கு முன்னால் தராசு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. அவள் அதைத்தான் செய்கிறாள் என்பது என் கட்சி. கலை வரலாற்றாளர்கள் ஆன்மாவைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கும் பின்சுவர் இடம் கொடுக்கிறது.

இந்தப் படங்கள் நீதி சொல்கின்றனவா, வெறும் காட்சி இன்பமா என்று அறிஞர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. 1976இல் ரைக்ஸ்மியூசியம் நடத்திய கண்காட்சியில் எடி டெ யோங் குரங்குக்கும் சிப்பிக்கும் புகைக்குழாய்க்கும் பின்னால் இருக்கும் பொருளைப் பழைய நீதிப்பட நூல்களிலிருந்து எடுத்துக் காட்டினார். 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ், இவர்கள் உலகத்தைப் பார்த்துப் பதிவு செய்தவர்கள், எல்லாவற்றிலும் மறைபொருள் தேடாதீர்கள் என்றார். வாங்கிய வணிகருக்கு இரண்டும் வேண்டியிருந்தது என்று நான் நினைக்கிறேன். மனைவிக்குச் சாட்டின் பிடித்தது, போதகர் வீட்டுக்கு வந்தால் சுட்டிக்காட்டக் குரங்கு இருந்தது. தம்மிடம் இல்லாத பளிங்குத் தரையை அவர் முப்பது நாற்பது கில்டருக்குச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

பார்க்க நெதர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. ரைக்ஸ்மியூசியம் தன் ஓவியங்களை இணையதளத்தில் மிக நுட்பமான படங்களாக இலவசமாகத் தருகிறது. பெரிதாக்கினால் தூரிகைக் கோடுவரை தெரியும். வெர்மீரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஸ்டீனின் 'செயின்ட் நிக்கோலஸ் பண்டிகை'யிலிருந்து ஆரம்பியுங்கள். பொம்மை கிடைத்த சிறுமி, பிரம்பு கிடைத்து அழும் பையன், திரைக்குப் பின்னால் கைகாட்டிக் கூப்பிடும் பாட்டி என்று ஒரு வீடு முழுக்க இருக்கிறது. முகங்களை அப்புறம் பாருங்கள். முதலில் மேசையில் என்ன இருக்கிறது, தரையில் என்ன சிந்தியிருக்கிறது, யார் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.